சிவப்பில் இருந்த பதினோரு வரிகள்

ஸ்ரீபெரும்புதூரில் காலை ஆறரை மணிக்குச் சாலையோரம் பையுடன் நிற்பவரை எந்தக் கம்பெனிப் பேருந்தும் ஏற்றிக்கொள்ளும். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமில்லை, பின்னால் இன்னும் நான்கு பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் ஒரே வெள்ளை. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளில்தான் வித்தியாசம். லாட்ஜ் மேனேஜர் எனக்குச் சொன்ன எண் பதினான்கு. நான் ஏறியது பதினான்கு-பி என்பது, இருபது நிமிடம் தூங்கி விழித்த பிறகு, பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் வாசலில் இறங்கியபோது தெரிந்தது.

காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், விசிட்டரா? யாரப் பாக்கணும்?”

கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

“அது ஒரகடத்துல கீது சார். இங்க எப்டி வந்தீங்க?”

“பஸ்ஸில்.”

“தூங்கிட்டீங்க. வாரத்துக்கு ஒருத்தராவது இப்டி வர்றாங்க சார். போன மாசம் ஒருத்தன் அரை ஷிப்டு வேலையே செஞ்சிட்டான், அப்பறந்தான் கண்டுபுடிச்சோம்.”

அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவும் இருக்கலாம்.

ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். என்னோடு சேர்த்து எட்டுப் பேர். பக்கத்தில் இருந்தவர் நிலம் வாங்கி விற்பவர். நான் மலேசியா என்று சொன்னதும் பினாங்கில் ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டார். தெரியாது என்றேன். இவ்வளவு காலம் இருந்துகொண்டு தெரியாதா என்பதுபோல் பார்த்துவிட்டு, வெளியே அறுவடை முடிந்த வயலில் நட்டிருந்த மஞ்சள் கற்களைக் காட்டி, எது யாருடையது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகள் பினாங்கில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். பத்திரிகை நின்ற பிறகு, அங்கேயே பாயான் லெப்பாசில் உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களும் அறிக்கைகளும் எழுதுகிறேன். அந்தக் கம்பெனி ஒரகடத்தில் ஒரு பிரஸ் மெஷினுக்குச் சொல்லியிருந்தது. தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும் மெஷின். அச்சுக்கு முன்னால் இரண்டு தூண்கள். அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை அதைக் கடந்தால் அச்சு நின்றுவிட வேண்டும். நிறுத்துவது ஒரு சாஃப்ட்வேர். அந்த சாஃப்ட்வேரைச் சோதித்த அறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை மெஷின் துறைமுகத்துக்குப் போகும். வரவேண்டிய எஞ்சினியருக்கு டெங்கு. “அறிக்கைதானே, நீ போ. படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்” என்று என் முதலாளி மலாயில் சொன்னார். அது பாராட்டு அல்ல.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். குளிரூட்டிய அறை. ஒரு தட்டில் சமோசா. கட்டைவிரல் உயரத்தில் ஒரு கிளாசில் டீ. எங்கள் ஊரில் இதை ருசி பார்க்கக் கொடுத்தது என்று நினைத்து மீதிக்காகக் காத்திருப்பார்கள். சோதனைப் பிரிவின் டீம் லீடர் பாலமுருகன், கோவில்பட்டிக்காரர், திரையில் அறிக்கையைத் திறந்தார். மேலே பெரிய பச்சைப் பெட்டியில் நூறு சதவீதம்.

“பாத்துக்கிடுங்க சார். நூறு. ஒரு வரி மிச்சமில்ல.”

கவரேஜ் என்று அவர்கள் சொல்வது இதுதான். ஒரு புரோகிராம் பல நூறு வரிக் கட்டளைகள். அதைச் சோதிக்க இன்னொரு சிறிய புரோகிராம் எழுதி ஓட்டுகிறார்கள். ஓடும்போது எந்தெந்த வரிகள் இயங்கினவோ அவற்றுக்கு ஒரு கருவி பச்சை பூசுகிறது. ஒருமுறைகூட இயங்காத வரி சிவப்பு. நூறு வரியில் தொண்ணூறு பச்சை என்றால் கவரேஜ் தொண்ணூறு. வரி இயங்கியது என்று மட்டும்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். சரியாக இயங்கியதா என்பது அதற்குத் தெரியாது.

இது எனக்கு அன்று காலை தெரிந்திருந்தது. ஆனாலும் நான் களைத்திருந்தேன், பச்சை பச்சையாக இருந்தது. மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதி நாட்களில் காஞ்சிபுரம் போய்க் கோயில் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கேன்டீனில் சாம்பார் சாதம், கோஸ் பொரியல், கையால் தொட்டதும் மடங்கும் அப்பளம். பாலமுருகன் எதிரில் இருந்த பெண்ணை அறிமுகப்படுத்தினார். பவானி. இருபத்தாறு வயது, வாலாஜாபாத் பக்கம். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் லைனில் நின்று போல்ட் முடுக்கியவர். உள்தேர்வு எழுதிச் சோதனைப் பிரிவுக்கு வந்திருக்கிறார். ஒளித்திரை சாஃப்ட்வேரின் சோதனைகள் எல்லாம் அவர் எழுதியவை. இன்னும் கான்ட்ராக்ட்தான்.

“வெள்ளிக்கிழம பெர்மனென்ட் லிஸ்ட் ஒட்டுதாங்க சார். நூறு காட்டின ஆளுக்குத்தான் பேரு வரும். பவானிக்கு வந்தாச்சுன்னு வச்சிக்கிடுங்க” என்றார் பாலமுருகன்.

“ஒட்டட்டும் சார் மொதல்ல. நீங்க இப்பவே ஸ்வீட்டு கேப்பீங்க” என்றார் பவானி.

“பெயர் வராவிட்டால்?” என்று கேட்டேன். இருபது வருடப் பழக்கம், எந்த நல்ல செய்தியிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன்.

“வரலன்னா லைனுக்குப் போவணும். எட்டு மணி நேரம் நிக்கணும்.” பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னார். “முட்டி ஏற்கனவே போச்சு சார். அதான் பரீட்ச எழுதினேன்.”

செவ்வாய்க்கிழமை சரியான பேருந்தில் ஏறினேன். ஏறும்போது டிரைவரிடம் இரண்டு முறை கேட்டேன். “இறங்கும்போதும் கேப்பீங்களா சார்?” என்றார்.

இன்றைய செய்தியைத் திருத்துமுன் நேற்றைய தாளைப் புரட்டிப் பார்ப்பது துணையாசிரியரின் பழக்கம். அதனால் பழைய அறிக்கைகளைக் கேட்டேன். பாலமுருகன் சற்றுத் தயங்கி, பிறகு கொடுத்தார். இரண்டு மாதமாக வாரத்துக்கு ஒன்று. எண்பது, தொண்ணூறு என்று ஏறி, தொண்ணூற்றேழில் ஐந்து வாரம் நின்றிருந்தது. ஐந்து வாரமும் சிவப்பாக இருந்தவை அதே பதினோரு வரிகள். பிறகு ஒரே பிற்பகலில் பதினொன்றும் பச்சை.

“இந்தப் பதினோரு வரிகள் என்ன செய்கின்றன?”

பவானி பதில் சொன்னார். “கரண்ட் போய் திரும்ப வந்தா மெஷின் இன்னா பண்ணணும்னு சொல்ற எடம் சார்.”

எங்கள் நாளிதழில் ஒரு தலைமைத் துணையாசிரியர் இருந்தார். மெய்ப்புத் திருத்துபவர் எல்லாப் பக்கங்களிலும் சுருக்கொப்பம் போட்டுவிடுவார். படித்தாரா என்று தெரியாது. எனவே இவர் மாதம் ஒருமுறை ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு பெரிய தவறை நுழைத்து அனுப்புவார். ஒருமுறை பட்டம் விடும் திருவிழாச் செய்தியில் மந்திரியைப் பறக்கவிட்டுப் பட்டத்தைப் பேசவைத்தார். ஒப்பம் போட்டு வந்தது.

அதை நினைத்துக்கொண்டு பவானியிடம் கேட்டேன். “அந்த இடத்தில் ‘நில்’ என்பதை ‘நகர்’ என்று மாற்றி, சோதனையை ஓட்ட முடியுமா? பிறகு பழையபடி மாற்றிவிடலாம்.”

அவர் பாலமுருகனைப் பார்த்தார். “மாத்தும்மா” என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு நிமிடம். திரையில் எல்லாச் சோதனையும் தேறியது. நூறு சதவீதம். கை உள்ளே இருந்தாலும் அச்சு இறங்கலாம் என்று இப்போது அந்த புரோகிராம் சொல்கிறது. சோதனைகள் அத்தனையும் நல்லது என்று தலையாட்டுகின்றன. பதினோரு வரிகளையும் ஓடவைக்கும் ஒரு சோதனை இருந்தது. ஓடி முடிந்ததும் என்ன ஆயிற்று என்று பார்க்கும் வரி அதில் ஒன்றும் இல்லை.

பிறகு பாலமுருகன் பேசினார். குரலில் கோபமில்லை, அலுப்புதான்.

“சார், உங்க கான்ட்ராக்ட்ல நாலாம் பக்கத்த எடுத்துப் பாருங்க. கவரேஜ் நூறு இருக்கணும்னு போட்டிருக்கு. என்னத்தச் செக் பண்ணணும்னு எங்க போட்டிருக்கு? நாங்க ரெண்டு மாசமா அந்த நூறப் புடிக்கத்தான ஓடுதோம்.”

எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. நாலாம் பக்கத்தை எழுதியவன் நான். முதல் வரைவில் ஒரு பத்தி இருந்தது: சோதிக்கப்படாத வரி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித் தரவேண்டும் என்று. முதலாளி படித்துவிட்டு, இதை யார் உட்கார்ந்து படிப்பது, ஒரு எண்ணைப் போடு என்றார். எந்த எண் என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். நூறு என்று போட்டேன். ஏன் நூறு என்று யாரும் கேட்கமாட்டார்கள். தொண்ணூற்றேழு என்றால் விளக்கம் சொல்ல வேண்டும்.

மாலை ஐந்தரைக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் பவானி நின்றிருந்தார். அவர் வாலாஜாபாத் பக்கம் போகவேண்டும், நான் எதிர்ப்பக்கம். இரண்டு பேருந்தும் வரவில்லை. வேர்க்கடலை வாங்கினேன். பாதியைக் கொடுத்தேன். அவரே ஆரம்பித்தார்.

“லைன்ல போல்ட்டு டைட் பண்ணதும் மஞ்ச பெயின்ட் பேனாவால மேல ஒரு கோடு போடணும் சார். டைட் பண்ணாச்சுன்னு அடையாளம். ஷிப்டு முடியற நேரத்துல இன்னா பண்ணுவாங்க தெரியுமா? மொதல்ல எல்லாத்துக்கும் சர்சர்னு கோடு போட்டுட்டு, அப்பறம் ஒண்ணொண்ணா டைட் பண்ணிகினு வருவாங்க. நடுவுல பெல் அடிச்சிடுச்சுன்னு வைங்க. கோடு இருக்கும், டைட் இருக்காது. அடுத்த ஷிப்டு ஆளு கோட்டப் பாத்துட்டுத் தள்ளிடுவான்.”

“நீங்களும் அப்படிச் செய்ததுண்டா?”

“எல்லாரும்னா நானுந்தான் சார்.” கடலைத் தோலை ஊதினார். “இங்கயும் அதத்தான் பண்ணேன். டெஸ்ட் பெஞ்ச் யூபிஎஸ்ல கீது. கரண்ட் போவவே போவாது. ஆஃப் பண்ணி டெஸ்ட் பண்ணணும்னு மூணு தபா பாரம் எழுதிக் குடுத்தேன். புரொடக்‌ஷன் பாதிக்கும்னு மூணு தபாவும் திரும்பி வந்துச்சு. பாலா சார் இன்னா பண்ணுவாரு, அவரு தலையில இது மாதிரி எட்டு புரோகிராம். ‘சும்மா அந்த வரிய ஒருக்க ஓடவச்சிரும்மா, அப்புறம் பாப்போம்’னாரு. ஓட வச்சேன்.”

“அப்புறம்?”

“அதான் சார் அப்புறம். செவப்பா இருந்த வரைக்கும் அந்தப் பதினோரு லைனப் பத்தி வாரா வாரம் மீட்டிங்குல கேட்டாங்க. பச்ச ஆனதும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நான்கூட பாக்கல.”

அந்த ஐந்து நாட்களில் கவரேஜைப் பற்றி நான் கேட்டதில் உருப்படியான பேச்சு இதுதான். சிவப்பு என்பது, இங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை என்கிற நேரான செய்தி. அதை நம்பலாம். பச்சை, யாரோ இந்த வழியாகப் போனார்கள் என்கிறது. தூங்கிக்கொண்டு போனார்களா என்று அது சொல்லாது.

அவருடைய பேருந்து வந்தது. படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினார். “ரிப்போர்ட்ல எழுதுவீங்களா சார்? அந்த டெஸ்ட்டுல எம்பேருதான் கீது.”

“தெரியவில்லை” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

புதன்கிழமை பதினான்காம் எண் வரவேயில்லை. ஏறிய ஷேர் ஆட்டோ பாதி வழியில் புகைவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி டயரை ஒரு உதை உதைத்தார். டயருக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை. “இது நேத்தே சொல்லிச்சு சார், நாந்தான் கேக்கல” என்றார். கன்டெய்னர் லாரிகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போயின. நிழலுக்கு ஒரு மரம் இல்லை; வேலிக்கம்பியின் நிழல் இருந்தது. மணி பத்து. முதலாளியைக் கூப்பிட்டேன்.

“நூறு வந்திருக்கிறதா?” என்றார்.

“வந்திருக்கிறது. ஆனால்…”

“வந்திருக்கிறது என்றால் ஆனால் எதற்கு?”

அப்போது அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் அந்த வழக்கமான பெண்குரல் மலாயில் கேட்டது: மதிய உணவு நேரம், மெயின் சுவிட்சை அணைக்கிறோம், மெஷின்களை விட்டு விலகி நில்லுங்கள். பினாங்கில் மணி பன்னிரண்டரை. மின்கட்டணம் குறைக்க எங்கள் கம்பெனியில் தினமும் அந்த நேரத்தில் மெயினை அணைப்பார்கள். ஒன்றே காலுக்குப் போடுவார்கள். அணைக்கும்போது எச்சரிக்கை உண்டு. போடும்போது கிடையாது. சாப்பிட்டு வந்த பெண்கள் தகடுகளைச் சரிசெய்துகொண்டே இருப்பார்கள். கம்பெனி இதழுக்காக அவர்களைப் படம் எடுத்திருக்கிறேன், கைகள் மெஷினுக்குள் இருக்கும்படி. படம் நன்றாக வந்திருந்தது.

ஒரகடத்தில் ஒருமுறைகூட உண்மையாக ஓடாத அந்தப் பதினோரு வரிகள் பினாங்கில் ஒவ்வொரு நாளும் ஒன்றே காலுக்கு ஓடும்.

நடந்தே போனேன். கரண்டை அணைத்துச் சோதிக்க வேண்டும் என்று பாலமுருகனிடம் சொன்னேன்.

“எங்க பிளான்ட்ல கரண்டே போவாது சார்” என்றார். அந்தப் பெருமை நியாயமானது.

“எங்கள் ஊரில் தினமும் போகும். நாங்களே அணைப்போம்.”

“இத எப்பவாச்சும் சொன்னீங்களா சார்?”

சொல்லவில்லை. ஆறு பக்க ஒப்பந்தத்தில் மெஷினை அடைக்கும் பெட்டியின் மரம் என்ன வகை என்பதுவரை எழுதியிருந்தேன். இது இல்லை.

பவானி மூன்று முறை கொடுத்துத் திரும்பி வந்த அதே பாரத்தில் வாங்குபவரின் பிரதிநிதி என்று என் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. பவானி அந்தத் தாளை வாங்கி, கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

அன்று இரவுச் சாப்பாடு லாட்ஜுக்கு எதிரே பரோட்டாக் கடை. எங்கள் ஊர் பரோட்டாவான ரொட்டி சானாய் உதிரும், இது எதிர்க்கும். பக்கத்து மேசையில் தெற்கிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் ஓவர்டைம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், யாருக்கு ஞாயிறு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று. கிடைக்காதவன் மற்றவர்களுடைய சால்னாவை எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு பிரஸ் மெஷினைச் சுற்றி ஆறு பேர். எலக்ட்ரீஷியன் ஏழுமலை, பிள்ளைப்பாக்கத்துக்காரர், மெயின் சுவிட்சின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“யூபிஎஸ்ஸயும் சேத்து ஆஃப் பண்ணணும்ணா” என்றார் பவானி.

“பத்து வருசமா இத ஆஃப் ஆவாம பாத்துக்கடான்னு சம்பளம் குடுத்தாங்க. இன்னிக்கு ஆஃப் பண்ணுன்றாங்க. நல்லா கீது கம்பெனி. சொல்லும்மா, எப்ப?”

கைக்குப் பதிலாக கேன்டீனிலிருந்து முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார் பவானி. அச்சு பாதி இறங்கும்போது கையைக் காட்டினார். ஏழுமலை அணைத்தார். கூடம் முழுவதும் திடீரென்று அமைதி; மேலே ஒரு மின்விசிறி மட்டும் சுற்றி ஓய்ந்தது. ஒளித்திரை இருக்கவேண்டிய இடத்தைக் கடந்து, அச்சுக்குக் கீழே, பவானி ஒரு கம்பியில் கட்டிய முருங்கைக்காயை நீட்டி வைத்துவிட்டு விலகினார். மறுபடி கையைக் காட்டினார்.

கரண்ட் வந்தது. அச்சு முழுவதும் இறங்கியது. அதன் பிறகுதான் குறுக்கே ஏதோ இருக்கிறது என்னும் சிவப்பு விளக்கு எரிந்தது.

முருங்கைக்காய் இரண்டாகி, ஒரு துண்டு என் செருப்பருகே வந்து நின்றது.

“சாம்பாருக்கு அளவாத்தான் கீது…” என்று ஆரம்பித்த ஏழுமலை, யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். கையுறையைக் கழற்றி, தன் விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார்.

மேலும் இரண்டு முறை செய்தோம். மேலும் இரண்டு முருங்கைக்காய். காரணத்தை மதியத்துக்குள் கண்டுபிடித்தார்கள்: அந்தப் பதினோரு வரிகளில் மெஷின் முதலில் விட்ட இடத்திலிருந்து நகர்கிறது, பிறகு ஒளித்திரையைப் பார்க்கிறது. வரிசை மாறியிருந்தது, அவ்வளவுதான். திருத்தி, எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

நான்கு மணிக்கு பாலமுருகன் என்னையும் பவானியையும் உட்காரவைத்தார்.

“மெஷின் போவாது சார், அது முடிஞ்சுது. ஆனா ஒண்ணு சொல்லுதேன். பவானியோட அந்தக் காலி டெஸ்ட்ட இன்னைக்கு எடுத்தா நம்பர் தொண்ணூத்தேழுக்கு வந்துரும். நாளைக்கு லிஸ்ட்டு. லிஸ்ட் ஒட்டட்டும், திங்கக்கிழம எடுத்துருவோம். யாருக்கு என்ன நட்டம்? ஒரு நாள் சார்.”

அவர் சொன்னதில் தவறு காண எனக்குத் தோன்றவில்லை. மெஷின் எங்கும் போகப்போவதில்லை. யாருடைய கையும் அதில் இல்லை. எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

பவானி நாற்காலியைத் திரையருகே இழுத்தார். “திங்கக்கிழம எடுக்கமாட்டோம் சார். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்” என்றார். அந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்து அழித்தார். ஓட்டினார். தொண்ணூற்றேழு. பதினோரு வரிகளும் பழைய இடத்தில் சிவப்பாக வந்து நின்றன. பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. காலை எட்டு மணிக்கு வாசல் பலகையின் முன் எல்லாரும் கூடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு எண். யாருடைய எண் இறங்கியிருக்கிறதோ அவர் சிவப்பு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையருகே நின்று காரணம் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒருமுறை கைதட்டுவார்கள். தண்டனையில்லை என்று காட்டுவதற்காம்.

வெள்ளிக்கிழமை அட்டையைப் பிடித்தவர் பவானி மட்டும்தான்.

“நூறு இருந்தது எப்படிம்மா தொண்ணூத்தேழு ஆச்சு?” என்று கேட்டார் பிளான்ட் ஹெட்.

“நூறு இல்ல சார். நூறு காட்டினேன்.” அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “கரண்ட் போய் வர்ற எடத்த டெஸ்ட் பண்ணாமயே பண்ண மாதிரி எழுதிட்டேன். நேத்து நெசமா பண்ணோம். கை வெச்சா வெட்டுது.”

கைதட்டல் வந்தது. சேர்ந்து வரவில்லை, அங்கொன்று இங்கொன்றாக.

அந்த எண்ணைக் கேட்டது நான் என்றும், நாலாம் பக்கத்தில் அதை அடித்துவிட்டு, சிவப்பு வரி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித் தரவேண்டும் என்று மாற்றுகிறோம் என்றும் சொன்னேன். முதலாளி முந்தின இரவே சம்மதித்திருந்தார். முருங்கைக்காய் படத்தை அனுப்பியிருந்தேன். பிளான்ட் ஹெட் பொறுமையாகக் கேட்டார். “சரி சார். அப்ப போர்டுல என்ன எழுதறது? கட்டம் ஒண்ணுதான இருக்கு” என்றார்.

மூன்று மணிக்கு கேன்டீன் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். ஒன்பது பெயர்கள். பவானியின் பெயர் இல்லை. அவர் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார். பாலமுருகன் எங்கோ போய்ப் பேசிவிட்டு வந்து, திருத்தம் முடியும்வரை, இரண்டு வாரம், சோதனைப் பிரிவிலேயே இருக்கலாம், பிறகு லைன் என்றார். அதற்குமேல் தன்னால் முடியவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ரெண்டு வாரம் போதும் சார், டெஸ்ட்ட ஒழுங்கா எழுதிடலாம்” என்றார் பவானி. பிறகு என்னிடம் திரும்பி, “உங்க ஊர்ல அந்த மெஷின்ல ஒக்காரப் போறது யாரு சார்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்திருக்கிறேன், பெயர் கேட்டதில்லை.

“கேட்டு சொல்லுங்க” என்றார்.

திங்கட்கிழமை பாயான் லெப்பாசில் இரண்டாவது லைனுக்குப் போய்க் கேட்டேன். நோர்லைலா. முப்பத்தைந்து வயதிருக்கும். எதற்கு என்று கேட்டார். இந்தியாவில் ஒருவர் கேட்டார் என்றதும் சிரித்தார். பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பவானியின் குரல் செய்தி வந்தது; பின்னணியில் யாரோ டீ வந்துவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“புது டெஸ்ட் எழுதிட்டேன் சார். கரண்ட் வந்ததும் அச்சு நகந்துச்சான்னு கடைசில பாக்குது. டெஸ்டுக்கு நோர்லைலான்னே பேரு வெச்சிட்டேன். பழைய புரோகிராம் மேலயே இன்னிக்கி ஓட்டிப் பாத்தேன், இன்னும் திருத்தி முடிக்கல இல்ல. ஃபெயில் ஆச்சு சார். நல்லா வேலை செய்யுது.”